உரிவதற்கு முன்பே: கடும் மருந்து ஒவ்வாமையில் தோல் திசுவின் மாற்றங்கள்

பெரிய மருத்துவமனைகளின் தோல் பிரிவில் சில காலைகளில் ஒரு கட்டிலுக்கு மட்டும் வாழை இலை வரும். நடு நரம்பைச் சீவி, கழுவித் துடைத்த இலைகளை மெத்தைமேல் பரப்பி, நோயாளியை நாலு பேர் சேர்ந்து மெல்லத் தூக்கிக் கிடத்துவார்கள். துணி விரித்தால் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது தோலும் கூடவே வந்துவிடும். இலையின் மெழுகுப் பூச்சு ஒட்டாது, உடம்புக்குக் குளிர்ச்சியும் தரும். பார்க்க வரும் உறவினர்கள் “எப்படிங்க தீப்பிடிச்சுது?” என்றுதான் முதலில் கேட்பார்கள். தீ எங்கும் பிடிக்கவில்லை. வலிப்புக்கோ மூட்டு வலிக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ இரண்டு வாரம் முன்பு தொடங்கிய ஒரு மாத்திரை, அவ்வளவுதான்.

இந்த நோய்க்கு டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ் என்று பெயர். சுருக்கமாக டென் என்பார்கள். இதன் மிதமான வடிவம் ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய்க்குறி. இரண்டும் அரியவை, ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருசிலருக்கே வருகின்றன. ஆனால் டென் முற்றிவிட்டால் மூன்றில் ஒருவரைக் காப்பாற்றுவது கடினம். பிழைத்தவர்களிலும் பலருக்குக் கண் பாதிப்பு வாழ்நாள் முழுதும் தொடர்கிறது.

தோல் உரிவதுதான் நம் கண்ணுக்குத் தெரியும் முதல் பயங்கரம். திசுவில் அது கடைசிக் கட்டம். உரிவதற்கு முன்பே மேல்தோலின் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கிவிடுகின்றன. அந்தச் சாவை மருத்துவம் எப்படிப் படிக்கக் கற்றது, அந்தப் படிப்பு சிகிச்சையை எப்படி மாற்றியது, நம் ஊர் நோயாளிக்கு அதனால் என்ன பயன் என்பதைத் தொகுத்துப் பார்க்கிறது இக்கட்டுரை.

இரண்டு பெயர், ஒரு நோய்

1922இல் நியூயார்க்கைச் சேர்ந்த குழந்தை மருத்துவர்கள் ஆல்பர்ட் ஸ்டீவன்ஸ், ஃபிராங்க் ஜான்சன் இருவரும் 7, 8 வயதுடைய இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். விடாத காய்ச்சல், உடலெங்கும் தடிப்பு, வாயெல்லாம் புண், சீழ் கட்டிய கண்கள். இது ஏதோ புதிய தொற்றுக் காய்ச்சலாக இருக்கலாம் என்ற கோணத்தில்தான் அப்போது பார்க்கப்பட்டது. மருந்தின் மேல் சந்தேகம் விழ மேலும் பல ஆண்டுகள் ஆயின.

1956இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவர் ஆலன் லயல் நான்கு நோயாளிகளை விவரித்தார். வெந்நீர் கொட்டினாற்போல அவர்களின் தோல் தாள் தாளாகக் கழன்றிருந்தது. செல்கள் மடிவதையும் மேல்தோல் கழல்வதையும் சேர்த்து ‘நெக்ரோலைசிஸ்’ என்ற சொல்லை அவரே உண்டாக்கினார். ரத்தத்தில் சுற்றும் ஏதோ நச்சு இதைச் செய்கிறது என்று அவர் கருதியதால் பெயரின் முன்னால் ‘டாக்சிக்’ ஒட்டிக்கொண்டது.

ஸ்டீவன்ஸ்–ஜான்சனும் டென்னும் தனித்தனி நோய்கள் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1993இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று எளிய அளவுகோலைத் தந்தது. கழன்ற தோல் உடல் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் ஸ்டீவன்ஸ்–ஜான்சன். 30க்கு மேல் போனால் டென். இடையில் இருப்பவை இரண்டும் கலந்த நிலை. நோயாளியின் விரல்களோடு சேர்ந்த ஓர் உள்ளங்கை ஏறக்குறைய ஒரு விழுக்காடு. கட்டிலருகே நின்று கையாலேயே அளந்துவிடலாம். ஸ்லைடில் இந்த மூன்றையும் பிரித்தறிய முடியாது என்பதே இவை ஒரே நோயின் படிகள் என்பதற்கு வலுவான சான்று.

ஸ்லைடில் தெரிவது

தோலை மூன்று அடுக்காக நினைத்துக்கொள்வோம். மேலே மேல்தோல், அதன் கீழே ரத்தக் குழாய்களும் நார்களும் நிறைந்த அடித்தோல், அதற்கும் கீழே கொழுப்பு. மேல்தோல் மிக மெல்லியது. உடலின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதன் அடிவரிசைச் செல்கள் பிரிந்து பெருகி, மேலே ஏறி, தட்டையாகி, இறந்து, செதிலாக உதிர்கின்றன. இந்தப் பயணத்துக்குச் சுமார் நான்கு வாரம் பிடிக்கும். அடிவரிசையை அடித்தோலோடு பிணைத்து வைத்திருப்பது அடித்தளச் சவ்வு.

மருத்துவர் மரப்பு ஊசி போட்டு, நாலு மில்லிமீட்டர் குழல் கத்தியால் ஒரு மிளகளவு தோலை எடுப்பார். அது ஃபார்மலினில் ஊறி, பாரஃபின் மெழுகுக் கட்டிக்குள் பதிந்து, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குத் தடிமனில் சீவப்பட்டு, சாயம் ஏறி ஸ்லைடாகும். செல்லின் கரு நீலமாகவும் உடல் இளஞ்சிவப்பாகவும் தெரியும்.

நோயின் முதல் நாள்களில் எடுத்த ஸ்லைடை ஒரு நொடி பார்த்துவிட்டு நகர்ந்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். பொறுமையாகப் பார்த்தால்தான் அடிவரிசையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில செல்கள் வேறுபட்டுத் தெரியும். அவற்றின் உடல் சுருங்கிக் கண்ணாடிபோல் பளபளக்கும் அடர் சிவப்பாகியிருக்கும். கரு கறுத்துச் சிறுத்திருக்கும். அப்படிச் செத்த செல்லை ஒட்டியே ஒன்றிரண்டு லிம்போசைட் வெள்ளையணுக்கள் அமர்ந்திருப்பதைக் காணலாம். அடிவரிசைக்குக் கீழே குட்டிக் குட்டியாய் வெற்றிடங்கள், நீர் கோத்த சுவரில் சுண்ணாம்பு விட்டுப்போவதைப் போல.

அடுத்த ஓரிரு நாளில் செத்த செல்கள் மேல் வரிசைகளிலும் தென்படும். வெற்றிடங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீண்ட பிளவாகும். முற்றிய நிலையில் மேல்தோல் முழுத் தடிமனும் செத்து, உயிரற்ற சிவப்புப் பட்டையாக, அடித்தோலிலிருந்து முழுவதும் விலகி நிற்கும். அந்தப் பட்டையின் உச்சியில் உள்ள செதில் அடுக்கு மட்டும் பின்னிய ஓலைப்பாய் போன்ற தன் இயல்பான வடிவத்தில் அப்படியே இருக்கும். நாள்பட்ட தோல் நோய்களில் இந்த அடுக்கு தடித்தோ குலைந்தோ போகும். இங்கே அது மாறாமல் இருப்பதற்குக் காரணம், மாறுவதற்கே அவகாசம் இல்லாததுதான். வேகத்தின் சாட்சி அது.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. இவ்வளவு பெரிய அழிவு நடந்த இடத்தில் அழற்சிச் செல்களின் கூட்டத்தை எதிர்பார்ப்போம். ஆனால் அடித்தோலில் மிகச் சில செல்களே சிதறிக் கிடக்கும். லயலே இதைக் கண்டு வியந்து, அடித்தோலின் மௌனம் என்ற பொருளில் இதற்கு ஒரு பெயரும் இட்டார். கொலை நடந்திருக்கிறது, கொலையாளிகள் எங்கே? அடுத்த நாற்பது ஆண்டு ஆராய்ச்சியை இந்தக் கேள்வியே நகர்த்தியது.

பிளவு எந்த உயரத்தில்?

உரியும் தோலெல்லாம் இந்த நோயல்ல. ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியின் நச்சால் குழந்தைகளுக்குத் தோல் உரியும் நோய் ஒன்று உண்டு. வெளியே பார்த்தால் இரண்டும் உடன்பிறப்புகள் போலிருக்கும். முன்பு இரண்டையும் ஒன்றாகவே கருதினார்கள். திசுவில் குழப்பமே இல்லை. கிருமி நச்சு நோயில் பிளவு மேல்தோலின் உச்சிக்கு அருகே விழும். உரிந்து வருவது வெறும் செதில் தாள். மருந்து நோயில் பிளவு அடித்தளத்தில் விழும். உரிந்து வருவது செத்த மேல்தோல் முழுவதும். உரிந்த தோலைச் சுருட்டி உறைய வைத்துச் சீவிப் பார்த்தால் விடை விரைவில் கிடைத்துவிடும். அந்த விடை உயிர்ப் பிரச்சினை. கிருமி நோயில் ஆன்டிபயாடிக் குழந்தையைக் காப்பாற்றும். மருந்து நோயில் அதே ஆன்டிபயாடிக் குற்றவாளியாக இருக்கக்கூடும்.

பெம்ஃபிகஸ் போன்ற கொப்புள நோய்களில் உடல் தன் தோலுக்கு எதிராகவே ஆன்டிபாடிகளைச் சுரக்கிறது. ஒளிரும் சாயம் பூசிப் பார்த்தால் அவை திசுவில் கோடாகவோ வலையாகவோ தெரியும். ஸ்டீவன்ஸ்–ஜான்சனிலும் டென்னிலும் அந்தச் சோதனை ஒன்றும் காட்டாது. அந்த ‘ஒன்றுமில்லை’யே நோயறிதலுக்கு உறுதி சேர்க்கிறது.

ஒவ்வாமையின் வேறு முகங்கள்

மருந்து ஒவ்வாமை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பென்சிலின் ஊசி போட்ட நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் விழும் நிலை. அது உயிரைப் பறிக்கக்கூடியது. ஆனால் தோலில் ஒரு செல்லும் சாவதில்லை. மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமைனைக் கொட்ட, குழாய்களிலிருந்து நீர் கசிந்து அடித்தோல் ஊறிப்போகிறது. சில மணி நேரத்தில் சுவடில்லாமல் வற்றிவிடும். நாம் பேசும் நோய்களோ தாமதமாக வருபவை, டி செல்கள் என்ற லிம்போசைட்டுகளின் வேலை. நிமிடக் கணக்கில் பார்க்கும் ஊசிச் சோதனை இவற்றை முன்கூட்டிச் சொல்லாது. “டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்தார்களே” என்று குடும்பத்தார் கேட்பது நியாயந்தான்; அந்தச் சோதனை வேறொரு ஒவ்வாமைக்கானது.

தாமத ஒவ்வாமைகளில் நம் ஊரில் சாதாரணமாகக் காண்பது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் மருந்துத் தழும்பு. குறிப்பிட்ட மாத்திரையை விழுங்கிய ஒவ்வொரு முறையும் உதட்டிலோ கையிலோ பிறப்புறுப்பிலோ அதே வட்டம் சிவந்து, கொப்புளித்து, கறுத்துப் போகும். கோட்ரைமாக்சசோல், வலி மாத்திரைகள் முதலியன வழக்கமான காரணங்கள். ஏன் அதே இடம்? ஆறிய வட்டத்தின் மேல்தோலில் சி.டி.8 வகை நினைவு டி செல்கள் குடியேறி, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. மருந்து மறுபடி வந்ததும் அக்கம்பக்கச் செல்களைக் கொல்கின்றன. செத்த செல்களின் நிறமி அடித்தோலுக்குள் விழுகிறது. மேக்ரோஃபேஜ்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. நம் மாநிற, கரு நிறத் தோலில் அந்தக் கருநீலத் தழும்பு பல மாதம் நிலைக்கிறது. அதே திசு நாடகம் ஒரு வட்டத்துக்குள் அடங்கினால் தழும்பு. உடலெங்கும் பரவினால் பேராபத்து.

1996இல் டிரெஸ் என்று பெயர் பெற்ற நிலை வேறு மாதிரி. மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரத்தில் காய்ச்சல், முகவீக்கம், நெறி கட்டுதல், உடலெங்கும் தடிப்பு, கூடவே கல்லீரல் பாதிப்பு. ரத்தத்தில் இயோசினோஃபில் அணுக்கள் ஏறும். உடலுக்குள் உறங்கிக் கிடந்த ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்கள் விழித்துக்கொள்வதும் உண்டு. இதில் ஸ்லைடு ஒரே முகம் காட்டாது. மேல்தோலில் நீர்க்கோப்பு, அடிவரிசையில் செல் சாவு, அடித்தோலில் அடர்ந்த அழற்சி எனப் பல வடிவங்கள் ஒரே துண்டில் கலந்து கிடக்கும். தோல் பெரும்பாலும் உரியாது. ஆபத்து உள்ளுறுப்புகளில் இருக்கிறது.

ஏஜெப் என்ற மூன்றாவது வகையில் ஆன்டிபயாடிக் போன்ற மருந்து தொடங்கிய சில நாளுக்குள் சிவந்த தோலில் ஊசிமுனை அளவு சீழ்க் கொப்புளங்கள் நூற்றுக்கணக்கில் கிளம்பும். செதில் அடுக்குக்கு நேர் கீழே நியூட்ரோஃபில்கள் குவிந்திருக்கும். கிருமித் தொற்று என்று எண்ணி மேலும் ஆன்டிபயாடிக் கொடுத்துவிடும் அபாயம் இதில் உண்டு. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தோல் உதிர்ந்து ஆறிவிடும்.

கொல்வது யார்?

அடித்தோலின் மௌனத்துக்கு விடை 1990களிலிருந்து படிப்படியாகக் கிடைத்தது. கொப்புள நீரை எடுத்துப் பார்த்தபோது அதில் சி.டி.8 டி செல்கள் நிறைந்திருந்தன. வைரஸ் புகுந்த செல்லைத் தேடிக் கொல்வதே இவற்றின் அன்றாடப் பணி. இங்கே அவை நலமான தோல் செல்லை எதிரியாகக் கண்டுவிட்டன. எண்ணிக்கை குறைவாக இருந்தும் இவ்வளவு அழிவு எப்படி வந்தது?

1998இல் ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர்கள் சயின்ஸ் இதழில் ஒரு விடை தந்தார்கள். தோல் செல்களின் மேல் ‘ஃபாஸ்’ என்ற சாவு விசை இருக்கிறது. அதை அழுத்தும் மூலக்கூற்றைத் தோல் செல்களே தங்கள் மேல் காட்டத் தொடங்கிவிடுகின்றன என்பது அவர்கள் கண்டது. 2008இல் தைவான் ஆய்வாளர்கள் கிரானுலைசின் என்ற புரதத்தைச் சுட்டினார்கள். கொப்புள நீரில் அது மற்றக் கொல்லும் புரதங்களைவிட நூறு முதல் பத்தாயிரம் மடங்கு மிகுந்திருந்தது. அதை எலியின் தோலில் செலுத்தியபோது இதே நோயின் சாயல் தோன்றியது. டி செல்கள் ஒவ்வொரு தோல் செல்லையும் தொட்டுக் கொல்ல வேண்டியதில்லை. கிரானுலைசினைச் சுரந்து விட்டாலே போதும், நீரில் பரவி அது வேலையைச் செய்யும். கூட்டமில்லாத இடத்தில் பேரழிவு நடந்ததற்கு இது பொருந்தும் விளக்கம். 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நெக்ரோப்டோசிஸ் என்ற இன்னொரு சாவு வழியும் இதில் உண்டு என்று காட்டினார்கள்.

ஒரு மாத்திரை டி செல்லை எப்படி ஏமாற்றுகிறது? நம் ஒவ்வொரு செல்லும் தன் உள்ளே இருக்கும் புரதத் துணுக்குகளை எச்.எல்.ஏ என்ற தட்டில் ஏந்தி வெளியே காட்டுகிறது. டி செல் அதைப் பார்த்து ‘நம்மவர்’, ‘அந்நியர்’ என்று தீர்மானிக்கிறது. சில மருந்துகள் குறிப்பிட்ட வடிவத் தட்டில் நேராகப் போய் ஒட்டிக்கொள்கின்றன. தட்டின் தோற்றம் மாறிவிடுகிறது, காவலன் வீட்டுக்காரனையே வெட்டுகிறான்.

மரபு தரும் முன்னறிவிப்பு

தட்டின் வடிவம் மரபுவழி வருவது. 2004இல் தைவானில் கார்பமஸெபின் என்ற வலிப்பு மருந்தால் ஸ்டீவன்ஸ்–ஜான்சன் வந்த 44 ஹான் சீனர்களைச் சோதித்தார்கள். 44 பேரிடமும் எச்.எல்.ஏ–பி*15:02 இருந்தது. அதே மருந்தைத் தொல்லையின்றித் தாங்கியவர்களில் நூற்றுக்கு மூவரிடமே அது இருந்தது. மருத்துவ மரபியலில் இவ்வளவு துல்லியமான பொருத்தம் அரிது. மறு ஆண்டே, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினாலுக்கும் பி*58:01க்கும் இதுபோன்ற உறவு தெரியவந்தது.

கண்டுபிடிப்பு அத்தோடு நிற்கவில்லை. தைவானில் 23 மருத்துவமனைகளில் கார்பமஸெபின் தொடங்கவிருந்த 4,877 பேருக்கு முதலில் மரபணுச் சோதனை செய்து, 15:02 இருந்தவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். பழைய கணக்குப்படி பத்துப் பேருக்காவது நோய் வந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை. 2011இல் இந்த முடிவு வெளியானது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007இலேயே ஆசிய மரபினருக்கு இந்தச் சோதனையைப் பரிந்துரைத்திருந்தது. சிங்கப்பூர் 2013 முதல் இதை வழக்கமான சிகிச்சை முறையாக ஏற்றது; அங்குள்ள தமிழரும் அந்தப் பாதுகாப்புக்குள் வருகிறார்கள்.

இந்தியாவில் 2009இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், கார்பமஸெபினால் ஸ்டீவன்ஸ்–ஜான்சன் வந்த 8 பேரில் 6 பேருக்கு 15:02 இருந்தது. நம் மக்களிடையே இந்த வடிவம் கிழக்காசியர் அளவுக்குப் பரவலாக இல்லை. சமூகத்துக்குச் சமூகம் மாறுபடுகிறது. ஆனாலும் அது இருக்கிறது. வலிப்புக்கு முதன்முறையாகக் கார்பமஸெபின் எழுதும்போது இந்தச் சோதனை நினைவுக்கு வரவேண்டும். சோதனைக்கு வழியில்லாத ஊரில், எச்சரிக்கையாவது மருந்துச் சீட்டோடு போக வேண்டும்.

சிகிச்சையின் நெடிய வாதம்

கொலையாளி யாரென்று தெரிவதற்கு முன்பே கையில் கிடைத்த மருந்தையெல்லாம் முயன்றார்கள். ஸ்டீராய்டு கொடுக்கலாமா வேண்டாமா என்ற வாதம் ஐம்பது ஆண்டுகளாக நடக்கிறது. திசுவை முழுதும் அறியாமல் முயல்வதன் விலை என்ன என்பதை 1998இல் வெளியான தாலிடமைடு சோதனை காட்டியது. அழற்சியைத் தணிக்கும் என்று நம்பிக் கொடுத்த அந்த மருந்தைப் பெற்ற 12 பேரில் 10 பேர் இறந்தார்கள். பெறாத 10 பேரில் இறந்தவர் 3. சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள்.

டி செல்லை அடக்கும் சைக்ளோஸ்போரின் நம்பிக்கை தந்தது. 2010இல் பிரான்சில் 29 பேருக்குக் கொடுத்தபோது ஒருவரும் இறக்கவில்லை. இந்தியத் தோல் மருத்துவர்களின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலும் அதற்கு இடமுண்டு. எட்டனர்செப்ட் ஊசியும் நல்ல பலன் காட்டியிருக்கிறது.

2024இல் ஒரு புதிய கதவு திறந்தது. ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவனத்தின் மத்தியாஸ் மன் குழு, மருத்துவமனைகளில் சேமித்து வைத்திருந்த பழைய பாரஃபின் கட்டிகளை எடுத்தது. செல் செல்லாக லேசரால் வெட்டி, அவற்றிலிருந்த ஆயிரக்கணக்கான புரதங்களை அளந்தது. டென் நோயாளிகளின் தோல் செல்களிலும் அழற்சிச் செல்களிலும் இன்டர்ஃபெரான் சமிக்ஞையும் ஜாக்–ஸ்டாட் என்ற பாதையும் கொதித்துக்கொண்டிருந்தன. அந்தப் பாதையை அடைக்கும் மாத்திரைகள் மூட்டுவாதத்துக்காக ஏற்கெனவே சந்தையில் உள்ளன. எலிகளில் பலன் தெரிந்தபின் சீனாவில் 7 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். ஏழு பேரும் பிழைத்தார்கள். ஏழு பேரை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது, பெரிய சோதனைகள் நடந்தாக வேண்டும். ஆனால் யாரோ ஒரு நோயாளியிடம் என்றோ எடுத்த மிளகளவுத் தோல், இன்னொரு நோயாளிக்கு மருந்து காட்டியிருக்கிறது. பயாப்சி வேண்டாம் என்று மறுக்கும் குடும்பத்தாரிடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

எந்த மருந்தைக் கொடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். தீக்காயத்துக்கு நிகரான கவனிப்பு, நீரிழப்பை ஈடுசெய்தல், தொற்று வராமல் காத்தல், வலி தணித்தல், எல்லாவற்றுக்கும் முன்னால் காரண மருந்தை நிறுத்துதல். உடலில் நெடுநேரம் தங்காத மருந்தாக இருந்தால், நிறுத்துவதை ஒரு நாள் முந்திச் செய்வதால் சாவின் வாய்ப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைகிறது என்று 2000இல் வெளியான ஸ்பானிய, பிரெஞ்சு மருத்துவர்களின் ஆய்வு கணக்கிட்டது.

ஆறிய பின்னும் ஆறாதது

மயிர்க்கால்களின் ஆழத்தில் தப்பிப் பிழைத்த செல்களிலிருந்து புதிய மேல்தோல் ஊர்ந்து பரவும். மூன்று வாரத்தில் பெரும்பகுதி மூடிவிடும். நிறம் திட்டுத் திட்டாக மாறும், நகம் உதிர்ந்து முளைக்கும். தோல் மன்னித்துவிடுகிறது. கண் மன்னிப்பதில்லை.

கண்ணின் வெளிச் சவ்வும் மேல்தோலைப் போலவே கழல்கிறது. ஆறும்போது இமையும் விழியும் ஒட்டிக்கொள்ளலாம். கருவிழியின் ஓரத்தில் உள்ள தண்டுச் செல்கள் அழிந்தால் ஒளி புகவேண்டிய இடத்தில் வெண்படலம் வளரும். கண்ணீர் வற்றும். இமையோரத்தின் மென்சவ்வு தோலைப் போலத் தடித்துச் சொரசொரப்பாகி, ஒவ்வொரு இமைப்பிலும் கருவிழியை உப்புத்தாளாக உரசும். முதல் நாள்களிலேயே கண் மருத்துவர் வந்து, தேவைப்பட்டால் பனிக்குடச் சவ்வைக் கண்மேல் போர்த்தினால் இதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம்.

தாமதமாகிவிட்டவர்களுக்காகச் சென்னை சங்கர நேத்ராலயா பல ஆண்டுகளாக உழைக்கிறது. நோயாளியின் வாயிலிருந்து மென்சவ்வை எடுத்து இமையோரத்தில் பதிக்கிறார்கள். இரு கண்ணும் இருண்டுபோனவர்களுக்கு, இத்தாலியில் கண் மருத்துவர் ஸ்ட்ராம்பெல்லி தொடங்கிவைத்த பல் அறுவையையும் செய்கிறார்கள். நோயாளியின் கோரைப் பல்லைச் சூழ்ந்த எலும்போடு எடுத்து, சீவித் துளையிட்டு, அதில் ஒளிக்குழல் ஒன்றைப் பொருத்துகிறார்கள். அதைத் தோலுக்கடியில் சில மாதம் வைத்து, சதை பிடித்தபின் கண்ணில் பதிக்கிறார்கள். தன் பல் என்பதால் உடல் அதைத் தள்ளுவதில்லை. பல்லின் வழியே மறுபடி பார்வை பெற்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

நம் வீட்டில் தவறிப்போகும் நாள்கள்

காய்ச்சல், கண் சிவப்பு, தொண்டை எரிச்சல், பிறகு உடம்பெல்லாம் தடிப்பு. நம் வீடுகளில் இதைக் கண்டதும் பெரியவர்கள் சொல்வது, “அம்மை பார்த்திருக்கு.” வேப்பிலை கட்டி, தனி அறையில் படுக்க வைத்து, மூன்று நாள் பொறுத்திருப்பார்கள். காய்ச்சலுக்கு மெடிக்கலில் இரண்டு மாத்திரையும் சேரும். பழைய மாத்திரையும் நிற்காது. ஸ்லைடில் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும் நாள்கள் இவையே. அன்போடு செய்யும் பணிவிடைதான், ஆனால் விலைமதிப்பற்ற நாள்கள் அதில் போய்விடுகின்றன.

பாடநூல்களின் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்தவை. அங்கே தொடக்கம் பளிச்சென்ற சிவப்பு. நம் நிறத்தில் அது கருஞ்சிவப்பாக, பழுத்த நாவல் நிறமாக, சாம்பல் படிந்தாற்போலத் தெரியும். ஆகவே நிறத்தை நம்பியிராமல் வேறு அடையாளங்களைப் பார்க்க வேண்டும். அரிப்பைவிட எரிச்சலும் வலியும் மிகுந்திருப்பது, உதடும் வாயும் புண்ணாவது, கண் கூசி நீர் வடிவது, சிறுநீர் கழிக்க எரிவது, தடிப்பின் நடுப்பகுதி கறுத்துச் சுருங்குவது, விரலால் மெல்லத் தள்ளினால் தோல் நகர்வது. கடைசி அடையாளத்துக்கு நிக்கோல்ஸ்கி குறி என்று பெயர். அதை மருத்துவர் பார்க்கட்டும், வீட்டில் யாரும் தேய்த்துப் பார்க்க வேண்டாம்.

கூடவே ஒரு கேள்வி: கடந்த இரண்டு மாதத்தில் புதிதாக எந்த மருந்து தொடங்கியது? பெரும்பாலான நோயாளிகளுக்கு 4 முதல் 28 நாளுக்குள் தொடங்கிய மருந்தே காரணம். கார்பமஸெபின், ஃபெனிடாயின், லாமோட்ரிஜின், ஃபீனோபார்பிட்டால், சல்ஃபா மருந்துகள், அலோபியூரினால், நெவிராபின், சில வலி மாத்திரைகள் ஆகியவை மீண்டும் மீண்டும் வரும் பெயர்கள். வலிப்பு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் தொல்லையின்றிச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துப் பயந்து நிறுத்திவிடக் கூடாது. அதனால் வலிப்பு வரும். புதிதாகத் தொடங்கியவருக்கு மேற்சொன்ன அடையாளங்கள் தெரிந்தால் அன்றைக்கே, அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவமனைக்குப் போக வேண்டும். யூரிக் அமிலம் சற்று ஏறியிருக்கிறது என்ற அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு, எந்தத் தொந்தரவும் இல்லாத நிலையில் அலோபியூரினாலைத் தொடங்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பதும் நம் உரிமை.

பிழைத்து வீடு திரும்புகிறவர் கையில் ஒரு அட்டை இருக்க வேண்டும். எந்த மருந்து, அதன் குடும்பத்தில் வேறு எவை, எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் நோய் வந்தது என்று தமிழில் எழுதிய அட்டை. கடையில் ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் விற்கும்போது, மூலப்பெயர் எழுதிய அந்த அட்டைதான் காவல். நாட்டில் மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவுசெய்ய 2010 முதல் ஒரு தேசியத் திட்டம் இயங்குகிறது. அதன் மையம் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம். 1800–180–3024 என்ற கட்டணமில்லா எண்ணில் மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியும் தெரிவிக்கலாம். எந்த மருந்து நம் மக்களை எவ்வளவு தாக்குகிறது என்பது அந்தப் பதிவுகள் சேரச் சேரத்தான் விளங்கும்.

நூறு ஆண்டுப் படிப்பின் சாரம் இதுதான். தோல் செத்து உரிகிறது; அதைக் கொல்வது நம் டி செல்கள்; அவற்றை ஏவிவிடுவது ஒரு மருந்து; அந்த ஏவலை எளிதாக்குவது நம் மரபு. இந்த நான்கு கண்ணிகளில் மரபை மாற்ற முடியாது, டி செல்லை அடக்கும் வழிகள் இன்னும் சோதனையில் இருக்கின்றன. மருந்து மட்டும் இன்றைக்கே நம் கையில் இருக்கிறது. வாய்ப்புண்ணோடும் கண் எரிச்சலோடும் ஒருவர் படுத்திருக்கும் வீட்டில், வேப்பிலை பறிக்கப் போவதற்கு முன் யாராவது ஒருவர் அலமாரியைத் திறந்து, புதிய மாத்திரை அட்டையை எடுத்து, எத்தனை மாத்திரை தீர்ந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.